மருத்துவர் பதில்கள்: பிறந்த குழந்தைக்கு முழு மரபணுப் பரிசோதனை

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் மகளுக்கு இது ஏழாவது மாதம். பிறக்கப்போகும் குழந்தையின் மரபணுக்களை முழுவதுமாகப் படித்துப் பார்க்கும் ‘ஜெனரேஷன் ஸ்டடி’ என்ற ஆய்வில் சேர விருப்பமா என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். அங்குள்ள மருத்துவர் தாராளமாகச் சேரலாம் என்கிறார்; பேறுகாலச் செவிலியரோ நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். மருத்துவத் துறையினருக்குள்ளேயே ஏன் இந்த வேறுபாடு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இருவரும் தத்தம் அனுபவத்தை வைத்தே பேசியிருப்பார்கள். அரிய நோய்களைக் கவனிக்கும் நிபுணர்கள் பெரும்பாலும் இந்தப் பரிசோதனையை ஆதரிக்கிறார்கள். 2023-இல் வெளியான ஒரு கருத்தாய்வில் பங்கேற்ற 238 நிபுணர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர், ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருகிற, சிகிச்சை உள்ள நோய்களைக் கண்டறிய இதை எல்லாக் குழந்தைகளுக்கும் வழங்கலாம் என்றனர். விழித்திரைப் புற்றுநோயை நினைத்துப் பாருங்கள். புகைப்படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதே என்று பெற்றோர் பதறிக்கொண்டு வரும்போது கட்டி பெரும்பாலும் வளர்ந்திருக்கும்; கண்ணையே அகற்ற நேரிடுவதும் உண்டு. அதன் பரம்பரை வகைக்குக் காரணமான மரபணு மாற்றம் பிறந்தவுடனே தெரிந்துவிட்டால், கண்ணை அடிக்கடி சோதித்து, கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே லேசர் மூலம் அழித்துப் பார்வையைக் காப்பாற்ற முடியும். குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தத்தில் வழக்கமாகச் செய்யும் சோதனைகள் இதைக் காட்டா.

ஆனால், எந்தெந்த மரபணுக்களைப் பார்க்கலாம் என்று அதே நிபுணர்களைக் கேட்டபோது, 85 விழுக்காட்டினராவது ஒப்புக்கொண்டவை பல நூறு மரபணுக்களில் 25 மட்டுமே. கொள்கையளவில் இருந்த ஒற்றுமை பட்டியல் போடும்போது இல்லை. தயங்குவோரின் கவலை இங்கேதான் தொடங்குகிறது. மரபணுவில் மாற்றம் இருந்தும் நோய் வராமலே போகலாம். மாற்றத்தின் பொருளே விளங்காமலும் இருக்கலாம். அந்தச் செய்தியை வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் தாயிடம் சொல்லி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டியவர்கள் பொதுக் குழந்தை மருத்துவர்களும் செவிலியர்களும்தான். மரபணு ஆலோசகர்களோ எங்கும் போதுமான அளவில் இல்லை. மரபணுத் தரவுத்தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி என்பதால், நம்மவர் குழந்தைகளிடம் பொருள் விளங்காத மாற்றங்கள் கூடுதலாகத் தென்படும் என்பதையும் உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்கிறேன்: வழக்கமான சோதனையோடு சேர்த்து இதைச் செய்யலாம், அதற்கு மாற்றாகச் செய்யக்கூடாது. கலிபோர்னியாவில் பிறந்த குழந்தைகளிடம் எடுத்து உலரவைத்துச் சேமித்திருந்த ரத்தப் பொட்டுகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு (உணவுச் சத்துகளை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவிக் குறை) உள்ள குழந்தைகளில் 88 விழுக்காட்டினரையே மரபணு வாசிப்பு கண்டுபிடித்தது. ரத்தத்திலுள்ள வேதிப்பொருள்களை அளக்கும் வழக்கமான முறையோ 99 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது. 1960-களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி தொடங்கிவைத்த அந்தக் குதிகால் ரத்தச் சோதனையை இன்றும் கைவிட முடியாது.

‘ஜெனரேஷன் ஸ்டடி’யும் அதைக் கைவிடவில்லை. ஒரு லட்சம் குழந்தைகளைச் சேர்க்கும் நோக்கமுடைய அந்த ஆய்வில், பெரும்பாலும் பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, இளவயதிலேயே தோன்றக்கூடிய, சிகிச்சை உள்ள இருநூறுக்கும் மேற்பட்ட நோய்களை மட்டும் தேடுகிறார்கள். ஐந்தாம் நாள் குதிகால் சோதனை தனியே நடக்கும். அதைத் தவறவிடவே வேண்டாம். சேர்வதும் சேராததும் உங்கள் மகளின் விருப்பம். மறுத்தால் குழந்தையின் கவனிப்பில் எந்தக் குறையும் வராது. நோய் இருக்கலாம் என்று முடிவு வந்தால் எந்த மருத்துவமனை, எத்தனை நாளில் பார்க்கும் என்பதையும், தரவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்பதையும் கையொப்பமிடும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பெரியவர்களானபின் வரும் நோய்களையும் இதில் சொல்லிவிடுவார்களா?
– வாசகர், சேலம்

பதில்: மேலே சொன்ன ஆய்வில் சொல்லமாட்டார்கள். வளர்ந்தபின் அறிந்துகொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அந்தக் குழந்தைக்கே உண்டு என்பது துறையினர் பலரின் நிலைப்பாடு. எனினும், பிறந்த குழந்தைகளின் மரபணுக்களைப் படித்த அமெரிக்காவின் ‘பேபிசீக்’ ஆய்வில் ஒரு குழந்தையிடம் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் தெரியவந்தபோது, அந்த மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமும் இருக்கக்கூடும் என்பதால், அதை மறைத்தால் அவரின் உயிருக்கே தீங்காகலாம் என்று கருதி, ஆய்வு விதிகளையே மாற்றித் தெரிவித்தார்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் தெரிவித்திருப்பேன். ஆனால் அப்படிச் சொல்லப்படலாம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே விளக்கி, அவர்களின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும்.