ரவையைப் பார்த்துத் துவக்கை வாங்குங்கள்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கனடாவின் ஸ்காபரோவில் மருமகனின் வீட்டு நிலவறையில், 1873 வின்செஸ்டர் என்ற பழைய அமெரிக்கத் துவக்கின் நகல் ஒன்றைக் கழற்றிப் பூட்டிய அனுபவத்தை எழுதியிருந்தேன். தண்ணீர்ப் பம்பியும் உழவு இயந்திரமும் பற்றியே கடிதம் வருகிற பக்கம் இது. இந்த முறை வந்தவற்றில் பாதி துவக்கைப் பற்றியது. சுன்னாகத்தில் முப்பத்தெட்டு வருடம் கடைசற் பட்டறை நடத்திய கையோடு பதில் சொல்கிறேன்.

*துவக்கின் அடியில் உள்ள நெம்பை (லீவரை) ஒருதரம் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே போகிறது, புது ரவை உள்ளே போகிறது, குதிரையும் (வெடிக்க வைக்கத் தட்டும் சுத்தியல்) ஏறுகிறது என்று எழுதினீர்கள். ஒரே அசைவில் மூன்று வேலை எப்படி நடக்கிறது?*
— தொழில்நுட்ப மாணவர், கொக்குவில்

தம்பி, கதிரையில் இருந்தபடி காலை நீட்டிப் பாதத்தைச் சுவரில் ஊன்றுங்கள். முழங்கால் நேராக நிற்கும்வரை சுவர் எவ்வளவு தள்ளினாலும் கால் தாங்கும். முழங்காலுக்குக் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினால் உடனே மடிந்துவிடும். இந்தத் துவக்கின் உள்ளே இரண்டு பக்கமும் அப்படியொரு உருக்கு முழங்கால் இருக்கிறது. நெம்பு மூடியிருக்கும்போது அது நேராக நின்று, வெடிக்கும் ரவையின் உதையைத் தாங்குகிறது. நெம்பைத் தள்ளியதும் மடிகிறது. மடியும்போது நடுத்தண்டு நேர்கோட்டில் பின்னால் வருகிறது. வரும்போதே வெற்றுக் கோதைப் பிடித்து இழுக்கிறது, குதிரையையும் பின்னால் சாய்த்து ஏற்றிவிடுகிறது.

நெம்பு கடைசி ஓர் அங்குலம் போகும்போதுதான் எனக்குப் பிடித்த வேலை நடக்கிறது. பித்தளைக் கட்டி ஒன்று, உள்ளே ஒரு ரவையைப் படுக்க வைத்தபடி, கிணற்று வாளி மாதிரி நேராக மேலே எழும்புகிறது. எழும்பும்போது பழைய கோதைத் தட்டி வெளியே எறிகிறது, புது ரவையைக் குழலின் வாய்க்கு நேரே நிறுத்துகிறது. நெம்பை இழுத்தால் தண்டு முன்னே போய் ரவையை உள்ளே தள்ளும், கட்டி கீழே இறங்கும். இறங்கியதும் குழலுக்குக் கீழே ஓடும் ரவைக் குழாயிலிருந்து அடுத்த ரவை சுருள்வில்லின் தள்ளலில் கட்டிக்குள் வந்து படுக்கும்.

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் உரிமம் பெற்ற துவக்கிலேயே இந்த அமைப்பு இருக்கிறது. அவருடைய முதலாளி ஒலிவர் வின்செஸ்டர், சேட்டுத் தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர். 1866இலும் 1873இலும் வந்த வின்செஸ்டர்கள் உள்ளே அதே எலும்புக்கூடுதான். 1873இல் பித்தளை உடம்பை விட்டு இரும்புக்குப் போனார்கள். பிற்பாடு உருக்கு.

அந்தப் பித்தளைக் கட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ரவை சரியான நீளத்தில் இருக்கவேண்டும். 1873க்கு உரிய .44-40 என்ற ரவை வகை என்றால் ஏறக்குறைய 1.6 அங்குலம். மருமகனுக்கு ஒருவர் வீட்டில் நிரப்பிய ரவைகள் கொடுத்திருந்தார், பார்வைக்குக் குறையில்லை. மூன்றாவது வெடியோடு நெம்பு பாதியில் நின்றுவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. ரவை கட்டையாக இருந்ததால், கட்டிக்குள் மிஞ்சிய இடத்தில் அடுத்த ரவையின் விளிம்பு ஒரு நகக்கண் அளவு நுழைந்துவிட்டது. இரண்டுக்கும் குறுக்கே மாட்டினால் கட்டி எப்படி எழும்பும்? குழல் வாயை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, ரவை போடும் பக்கத்து வாசலால் மெல்லிய ஸ்குறூ றைவரை விட்டு அந்த ரவையைப் பின்தள்ளி எடுக்க இருபது நிமிடம் ஆனது. பலவந்தமாக நெம்பை இழுத்திருந்தால் வெடித்தும் இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு ரவையையும் வேணியர் இடுக்கியால் அளந்துதான் பெட்டியில் வைக்கிறோம்.

*என் மகன் பிராம்டனில் இருக்கிறான். ஹென்றி நகல் வாங்குவதா, 1873 வாங்குவதா என்று ஒரு மாதமாக யோசிக்கிறான். .44-40 ரவையா, .45 கோல்ட் ரவையா என்ற குழப்பமும் இருக்கிறது. நீங்கள் எதை வாங்குவீர்கள்?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

ஐயா, மகன் கேள்வியைத் திருப்பிப் போடவேண்டும். முதலில் ரவை, பிறகு துவக்கு. சனம் படத்தைப் பார்த்துத் துவக்கை வாங்கிவிட்டு, பிறகு ரவைக்கு அலைகிறது.

.45 கோல்ட் ரவை கடையில் இலகுவாகக் கிடைக்கும், தானே நிரப்புவதும் சுகம். நகல்களில் நிறைய அதற்காகச் செய்யப்படுகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் ஒருநாளும் அந்த ரவைக்குத் துவக்கு செய்ததில்லை. அந்தக் காலத்துக் கோதின் விளிம்பு மிகச் சிறியது, கோதை இழுக்கும் கொக்கிக்குப் பிடிபடாது. இன்றைய கோதில் அந்தக் குறை இல்லை. இன்னொரு குறை அப்படியே இருக்கிறது. .45 கோது நேரான குழாய், சுவர் தடிப்பு. புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்தின் மெல்லிய அமுக்கத்துக்கு அது விரிந்து அறையை அடைப்பதில்லை. புகையும் கரியும் பின்னால் வந்து, நான் சொன்ன முழங்காலிலும் பித்தளைக் கட்டியிலும் அப்பிக்கொள்ளும். சுட்ட கோதை எடுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் முழுக்க அடுப்படிச் சட்டி மாதிரிக் கறுத்திருக்கும்.

.44-40 கோதின் கழுத்து சற்று ஒடுங்கியது, வாய்ப்பக்கம் கடுதாசி போல மெல்லியது. வெடித்த கணமே விரிந்து அறையைப் பசைபோல அடைத்துவிடும். நாற்பது வெடி வைத்த பிறகும் கோதின் அடிப்பாதி தங்கம்போல மினுங்குவதை என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 1873 துவக்கு இந்த ரவையோடு சேர்ந்தே பிறந்தது: 40 கிரெய்ன் கருமருந்து, 200 கிரெய்ன் ஈயம். எங்கள் கணக்கில் மருந்து இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல், ஈயம் 13 கிராம். மெல்லிய வாய் என்பதால் நிரப்பும்போது கொஞ்சம் கை பிசகினாலும் கசங்கும். பொறுமை உள்ளவருக்கு அது பெரிய பாடில்லை.

கருமருந்தின் புகையும் வாசமும் வேண்டும் என்றால் .44-40 வாங்கட்டும். கடையில் வாங்கிய புகையில்லா மருந்து ரவையைத்தான் எப்போதும் சுடப்போகிறார் என்றால் .45 போதும், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இப்போது துவக்கு. ஹென்றி பார்க்க ராசா. பித்தளை உடம்பு, நாலு கிலோவுக்கு மேல் பாரம். ஆனால் குழலுக்குக் கீழே பிடிக்க மரம் இல்லை. பத்து வெடிக்குப் பிறகு இரும்பு சுடும், கையுறை வேண்டும். ரவைக் குழாயில் நீளமாக ஒரு வெட்டு. அதில் ஒரு பித்தளைக் காது, ரவை குறையக் குறையப் பின்னோக்கி நகரும். உங்கள் முன்கை அந்தக் காதுக்குத் தடையாக நிற்கும், இடையில் கையை எடுத்து வைக்கவேண்டும். ரவை போடுவதும் முன்பக்கத்தால். அந்தக் காதை மேலே தள்ளிப் பிடித்து, முனையைத் திருப்பி, ஒவ்வொன்றாக விடவேண்டும். கை நழுவிக் காது பாய்ந்தால் ரவை வரிசையின் மேல் அடி விழும், அது விளையாட்டில்லை. அசலில் 16 ரவை போகும். அசலின் .44 ரிம்ஃபயர் (விளிம்பில் தட்டி வெடிக்கும்) ரவை இன்று சந்தையில் இல்லாததால் நகலை நீளமான .44-40க்குச் செய்கிறார்கள், 13தான் போகும். 1866இல் பக்கத்தில் சிறு வாசல் வைத்து இந்தச் சோலியெல்லாம் தீர்த்துவிட்டார்கள். முன்பக்கம் மரமும் வந்தது.

நான் வாங்குவதென்றால் 1873, .44-40, இருபத்துநாலு அங்குலக் குழல்.

நகல்களில் அதிகம் கிடைப்பது இத்தாலியின் யூபேர்ட்டி. 1959இல் தொடங்கிய நிறுவனம், பிரெஷா நகருக்கு வடக்கேயுள்ள திரொம்பியாப் பள்ளத்தாக்கு. அங்கே 500 வருடமாகத் துவக்குக் குழல்தான் குடிசைத் தொழில். எங்கள் தட்டாதெருவில் வீட்டுக்கு வீடு உலை எரிந்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். விலை ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். அசல் ஹென்றி என்றால் அதற்குப் பல பத்து மடங்கு.

வாங்கும் இடத்தில் மகன் செய்யவேண்டியது: மருந்தில்லாத பொய் ரவைகள் ஐந்தாறு கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டு, குழாயில் போட்டு ஆறுதலாக நெம்பை ஆட்டிப் பார்க்கவேண்டும். பிறகு கெதியாக. இரண்டு விதத்திலும் ஓடவேண்டும். ஆணித் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் உள்ளே கை வைத்திருக்கிறார். தோளில் அணைக்கும் பிடங்கு மரம் இரும்போடு சேரும் இடத்தில், இடைவெளி தட்டுகிறதா என்று விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கட்டும். மருமகன் முதலில் வாங்கிய பாவித்த துவக்கில், அந்தப் பித்தளைக் கட்டியைத் தூக்கும் கையின் வில்லில் வெடிப்பு விட்டிருந்தது. விற்றவர் ஒரு சொல் சொல்லவில்லை. பொய் ரவை கொண்டுபோயிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. கூர்முனை ரவை குழாயில் போடவே கூடாது. ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடியில் உள்ள பிறைமரில் (தட்டினால் பற்றும் சிறு குமிழில்) முட்டிக்கொண்டு நிற்கும், உதையில் அது வெடிக்கலாம். தட்டை மூக்குத்தான். பலமான மருந்து நிரப்பிய .45 ரவைகளும் வேண்டாம். முழங்கால் தாங்கும் உதைக்கு அளவுண்டு.

*நகல் என்றால் விளையாட்டுச் சாமான்தானே? ஊருக்கு வரும்போது ஒன்று கொண்டுவந்து சுவரில் மாட்டலாமா?*
— பருத்தித்துறை வாசகர்

கூடவே கூடாது. நகல் என்பது வடிவத்துக்குத்தான். உள்ளே போவது உயிருள்ள ரவை. இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு துவக்கு வைத்திருந்தாலே மறியல். கனடாவிலும் பாதுகாப்பு வகுப்பு எடுத்து, சோதனை எழுதி, அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து, குறைந்தது 28 நாள் காத்திருக்கவேண்டும். என்னைப் போலப் போய்வருபவர் அனுமதி உள்ளவரின் பக்கத்தில், அவர் கண்பார்வையில் நின்றுதான் சுடலாம். நான் அப்படித்தான் சுட்டேன். வீட்டில் அது வெறுமையாக, பூட்டுப் போட்டு இருக்கும்.

*துவக்குச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். 95 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்த சனத்தில் நானும் ஒருத்தி. எங்கள் பத்திரிகையில் இதையும் எழுதவேண்டுமா?*
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, கைதடி

தங்கச்சி, அதே இரவு அதே பாலத்தில் நானும் நின்றேன். சைக்கிள் கரியரில் கடைசல் இயந்திரத்தில் இரும்பைப் பிடிக்கும் சக்கை மட்டும் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தேன். மழை. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மருமகன் முதல்முறை சுடுதளத்துக்குக் கூட்டிப் போனபோது நான் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் கை தானாகக் கதவுப் பிடியைத் தேடியது. அன்றிரவு அவர் துவக்கைத் துடைக்கும்போது பக்கத் தகட்டைக் கழற்றினார். அப்போதுதான் உள்ளே பார்த்தேன். என் வாழ்க்கையில் துவக்கு என்றால் வாயைக் காட்டி நின்ற சாமான். ஆணியும் வில்லும் தெரிய மேசையில் கிடந்த ஒன்றை அதுவரை கண்டதில்லை. கேட்காமலே ஸ்குறூ றைவரை எடுத்துவிட்டேன். பிறகு மூன்று கிழமை கழித்துத்தான் சுட்டேன், கடுதாசி மட்டையில்.

இதுவும் ஆளைக் கொல்லச் செய்த சாமான்தான். 1877இல் பல்கேரியாவின் பிளெவ்னாவில் துருக்கியர் வின்செஸ்டரால் ரஷ்யப் படையை வரிசை வரிசையாக விழுத்தினார்கள். அதை நான் மறைக்கமாட்டேன். எங்கள் மண்ணில் வெடித்த துவக்கு எதைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் எழுதவும் மாட்டேன். நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த இதழில் நீர் இறைக்கும் சூரியசக்திப் பம்பி வருகிறது, அதை வாசியுங்கள்.

*எங்கள் அப்புவிடம் வன்னியில் அனுமதியோடு ஓர் இடியன் துவக்கு (வாயால் மருந்தை இடித்து நிரப்புவது) இருந்தது. சுட்டுவிட்டு வந்தால் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவுவார். இரும்புக்குத் தண்ணீர் ஆகாதே?*
— வவுனியா வாசகர்

அப்பு சரியாகத்தான் செய்தார். கருமருந்து எரிந்து மிஞ்சும் கரியில் உப்பு இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓர் இரவுக்குள் கறளைக் கொண்டுவரும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இரும்பும் சூடாகித் தானாகவே உலரும். 1873இல் அறைக்குள் ஒரு வெற்றுக் கோதை விட்டு நெம்பை மூடிவிட்டு, வாய்ப்பக்கத்தால் ஊற்றினால் உள்ளே இருக்கும் வில்லுகள் நனையாது. பிறகு துணி, பிறகு எண்ணெய். ஒருநாள் களைப்பில் நான் காலையில் செய்யலாம் என்று விட்டேன். விடிந்து பார்த்தபோது குழலின் வாயில் ஊசிமுனை அளவு குழிகள். இன்னும் இருக்கின்றன.

கழுவிய மறுநாள் வெள்ளைத் துணி ஒன்றைக் குழலுக்குள் விட்டு எடுங்கள். எங்கள் சுன்னாகத்துச் செம்பாட்டு நிறம் அதில் தெரிந்தால், கேத்திலைத் திரும்பவும் அடுப்பில் வையுங்கள்.