கவர்மென்ட் வேலைதான் வேண்டும் என்கிற அப்பாவுக்கும் கிளவுட் செக்யூரிட்டிதான் படிப்பேன் என்கிற மகளுக்கும்

வணக்கம் ஐயா. உங்கள் மெயிலை நிதானமாகப் படித்தேன். மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், கிளவுட் செக்யூரிட்டிதான் (இணையம் வழியாக வேறொருவரின் பெரிய கம்ப்யூட்டர்களில் வைக்கிற தகவலைப் பாதுகாக்கும் படிப்பு) படிப்பேன் என்று நிற்கிறாள், நீங்கள் டிஎன்பிஎஸ்சி கோச்சிங்கில் சேரச் சொல்கிறீர்கள், இதற்கு நடுவில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாதப் படிப்புக்கு 1,80,000 ரூபாய் சொல்லி 10,000 முன்பணமும் வாங்கிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். மகள் பிடித்திருக்கும் திசை சரியானது. அந்த மையம் தேவையில்லை. நீங்கள் ஆசைப்படும் அரசு வேலையும் அவள் ஆசைப்படும் வேலையும் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தள்ளித் தள்ளி இல்லை.

"கிளவுட் என்பதெல்லாம் ஐடி கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம், அரசாங்கத்துக்கு அதில் என்ன வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா, ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் மார்க் ஷீட், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று நம் வீட்டுக் காகிதம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்று ஏதோ ஒரு சர்வர் இருக்கிறது. மத்திய அரசில் இதைக் கவனிக்கும் முக்கிய அமைப்பு தேசிய தகவலியல் மையம், என்ஐசி என்பார்கள், 1976-லேயே தொடங்கியது. அரசுக்கென்றே 'மேக்ராஜ்' என்ற கிளவுட் திட்டம் வந்து, 2014-ல் என்ஐசியின் தேசிய கிளவுட் செயல்பாட்டுக்கு வந்தது. டெல்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வர் ஆகிய ஊர்களில் அவர்களின் பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன. நம் மாநிலத் தரவு மையத்தைத் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் பார்த்துக்கொள்கிறது. இது போதாதென்று, தனியார் கிளவுட் நிறுவனங்களையும் மத்திய மின்னணு அமைச்சகம் சோதித்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் அதில் உண்டு, நம் நாட்டு நிறுவனங்களும் உண்டு. எஸ்டிக்யூசி என்ற அரசு அமைப்பின் தணிக்கையில் தேற வேண்டும், அரசின் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகளில் முக்கியமானவை.

ஆக, ஒரே துறையின் தகவல் இன்று ஒரே இடத்தில் இருப்பதில்லை. பழைய பதிவுகள் மாநிலத் தரவு மையத்தில், மொபைல் ஆப் ஒரு தனியார் கிளவுட்டில், டெல்லிக்குப் போகும் புள்ளிவிவரம் என்ஐசியில் என்று சிதறிக் கிடக்கலாம். சிக்கல் பிறப்பது இங்கேதான். ஒரு அலுவலகத்தில் அட்மின் ஆக்சஸ் வைத்திருந்தவர் மாறுதலாகிப் போகிறார். ஒரு சிஸ்டத்தில் அவருடைய லாகினை மூடிவிடுகிறார்கள், இன்னொன்றில் மறந்துவிடுகிறார்கள், மூன்றாவதில் அவருக்கு லாகின் இருந்ததே யாருக்கும் தெரியாது. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, அதை யாரெல்லாம் திறக்கலாம், நேற்று யார் திறந்தார்கள், நாளை அது அழிந்தால் எங்கிருந்து எடுப்பது. இந்த நான்குக்கும் எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் வைத்திருப்பதுதான் உங்கள் மகள் செய்ய நினைக்கும் வேலை. சினிமாவில் காட்டுகிற ஹேக்கிங் இதில் ஒரு சின்னப் பகுதி, அதை வைத்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் ரொம்ப நாள் நிற்பதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன், மகளும் அவசியம் தேடிப் படிக்கட்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வைரஸ், முடக்கியது. ஐந்து சர்வர்கள், ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல். ஓ.பி. சீட்டு, அட்மிஷன், பில்லிங் எல்லாம் ஏறக்குறைய இரண்டு வாரம் பேனாவிலும் பேப்பரிலும் நடந்தது. எங்கெங்கிருந்தோ வண்டி ஏறி வந்து வரிசையில் நிற்கிற ஏழை நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால் தகவலின் நகலை வைத்திருந்த, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது, நோயாளிகளின் பதிவுகள் அதிலிருந்து திரும்பக் கிடைத்தன.

மற்றது தென்கொரியாவில். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றுபோயின. பெரும்பாலானவை மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டன, ஒன்று மட்டும் வரவே இல்லை. 'ஜி-டிரைவ்' என்ற அரசுக் கிளவுட் அது. ஊழியர்கள் அலுவலக ஃபைல்களைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைக்காமல் அதில்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். 858 டெராபைட், அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கவில்லை. மொத்தமும் போயிற்று. தொழில்நுட்பத்தில் கொரியா நம்மைவிட எவ்வளவோ முன்னால் நிற்கிற நாடு, அங்கேயே இது நடந்தது. எய்ம்ஸ் தப்பியதற்கும் ஜி-டிரைவ் தப்பாததற்கும் நடுவே இருந்தது ஒரு பேக்கப். கிளவுட்டில் போட்டாலே பத்திரம் என்று நினைக்கிற அதிகாரிகள் இன்னமும் இருக்கிறார்கள். கிளவுட் என்பது வாடகை வீடு மாதிரிதான், கட்டடம் விழாமல் பார்த்துக்கொள்வது ஓனர் பொறுப்பு, கதவைப் பூட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு. கதவைப் பூட்டத் தெரிந்த ஆட்கள் துறைகளில் போதவில்லை.

ஆள் தேவைப்படுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் சர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, ஒரு சைபர் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், யார் எப்போது என்ன செய்தார் என்று சிஸ்டம் குறித்துவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இது அரசு அமைப்புகளுக்கும் சேர்த்துத்தான். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட வழி இருக்கிறது. அரசின் சில அமைப்புகளுக்கு விலக்கு தரவும் அதே சட்டத்தில் இடம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் அரசுக்கு வேலை செய்து தரும் தனியார் நிறுவனங்கள் இதைக் கண்டு பயப்படுகின்றன. பயம் வந்தால் ஆள் எடுப்பார்கள்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? நேரடி அரசு வேலை என்றால் முதலில் என்ஐசி. 2023-ல் சயின்டிஸ்ட்-பி முதல் டெக்னிகல் அசிஸ்டென்ட் வரை 598 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. சயின்டிஸ்ட்-பிக்கு அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாயில் தொடங்கும். ஆனால் அதற்கு பி.இ. அல்லது எம்.சி.ஏ., எம்.எஸ்சி. போன்ற படிப்பு கேட்பார்கள், வெறும் பி.எஸ்சி. எடுபடாது. இதைத்தான் அந்த மையத்துக்காரர்கள் உங்களிடம் சொல்லவில்லை. 1,80,000 கட்டி அவர்களுடைய சர்டிபிகேட்டை வாங்கினாலும் இந்தக் கதவு திறக்காது, எம்.சி.ஏ. படித்தால் திறக்கும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதி நல்ல கல்லூரியில் இரண்டு வருஷ எம்.சி.ஏ. சேர்வதற்கு, அரசுக் கல்லூரியாக இருந்தால் அந்தத் தொகையைவிடக் குறைவாகவே ஆகும். கணக்கு நன்றாக வரும் பிள்ளை என்றால் என்ஐடி-களில் எம்.சி.ஏ. சேர்வதற்கான நிம்செட் நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதட்டும்.

என்ஐசி அறிவிப்பு வருஷா வருஷம் வராது, அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். அரசின் தரவைப் பாதுகாக்கும் வேலையில் பெரும்பகுதி அரசுச் சம்பளத்தில் நடப்பதில்லை. தணிக்கை செய்ய சர்ட்-இன் அங்கீகரித்த நிறுவனங்கள் இருநூற்றுக்கும் மேல் உள்ளன, பெயரும் முகவரியும் சர்ட்-இன் இணையதளத்திலேயே கிடக்கின்றன. ஒரு அரசு வெப்சைட் என்ஐசி சர்வரில் ஏறுவதற்கு முன் இப்படியொரு நிறுவனம் சோதித்து 'சேஃப் டு ஹோஸ்ட்', அதாவது சர்வரில் ஏற்றுவது பாதுகாப்பானது என்ற சான்று கொடுக்க வேண்டும். புதிதாகப் படித்து முடித்த பிள்ளை உள்ளே நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் சென்னை, கோவை முகவரி போட்ட நிறுவனங்களைப் பார்த்து, டிரெய்னி வேலைக்கு இப்போதிருந்தே எழுதிப் போடலாம். தொடக்கச் சம்பளம் சுமார்தான், ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் பத்துத் துறைகளின் சிஸ்டங்களை உள்ளே போய்ப் பார்த்திருப்பாள். அப்புறம் என்ஐசி இன்டர்வியூவுக்குப் போனாலும் சரி, பெரிய கம்பெனிக்குப் போனாலும் சரி, அந்த அனுபவம் பேசும்.

இனி எழுதுவது மகளுக்கு, மெயிலை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

பாப்பா, நீ கேட்டிருந்த சர்டிபிகேட் லிஸ்டில் சிஐஎஸ்எஸ்பி என்ற மூத்த நிலைப் பாதுகாப்புச் சான்றிதழை இப்போதைக்கு அடித்துவிடு. அதற்கு ஐந்து வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள், புதுப் பிள்ளைகளிடம் அதைக் காட்டிப் பணம் வாங்குவது சரியில்லை. முதலில் லினக்ஸ், நெட்வொர்க்கிங் இரண்டையும் கை பழகும் வரை படி. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதி சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். அது முடிந்தபின் ஏதாவது ஒரு கிளவுட்டின் தொடக்க நிலைத் தேர்வு ஒன்று போதும். நாலைந்து லோகோவை ரெஸ்யூமில் வரிசையாக ஒட்டி வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

அதற்குப் பதில் இதைச் செய். ஒரு கற்பனை ஊராட்சியின் வீட்டு வரிப் பட்டியலை நீயே உருவாக்கு, பெயர், கதவு எண், தொகை என்று இருநூறு வரி. உண்மையான ஒருவரின் ரேஷன் கார்டு எண்ணோ ஆதார் எண்ணோ அதில் வரவே கூடாது, இது விளையாட்டில்லை. இலவசக் கணக்கு ஒன்று திறந்து, வேறெதையும் தொடும் முன் பில் அலர்ட் போட்டுவிடு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைத்துவிட்டு அதை ஓரமாக வை. மூன்று பயனர்களை உருவாக்கு: பட்டியலைப் பார்க்க மட்டும் முடிகிற எழுத்தர், மாற்ற முடிகிற பொறியாளர், பட்டியலைத் தொடவே முடியாமல் லாக்கை மட்டும் பார்க்கிற தணிக்கையாளர். ஃபைல் அளவிலான பதிவுகளும் லாக்கில் விழுகிற மாதிரி அமைத்துக்கொள், பல கிளவுட்களில் அது தானாக ஓடாது. இப்போது எழுத்தராக உள்ளே போய் ஃபைலை அழித்துப் பார். 'ஆக்சஸ் டினைட்' என்று வரும். தணிக்கையாளராகப் போய் அந்த முயற்சி லாக்கில் எந்த வரியில் விழுந்திருக்கிறது என்று தேடு. யார், எந்த ஐபி முகவரியிலிருந்து, என்ன செய்யப் பார்த்தார், எல்லாம் அதில் இருக்கும். நேரத்தைப் பார்க்கும்போது கவனம், பெரும்பாலும் சர்வதேச நேரத்தில் பதிவாகும். லாக்கில் 18:45 என்றிருந்தால் நமக்கு அது மறுநாள் அதிகாலை 12:15. தேதியே மாறிவிடும். விசாரணையில் இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கவனிக்காமல் விட்டால் தப்பான ஆளைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அரசின் சர்வர்கள் எந்த நேர சர்வரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று சர்ட்-இன் உத்தரவிலேயே சொல்லியிருப்பது அதனால்தான்.

இவ்வளவும் ஆனபின் அதே பட்டியலின் நகலை வேறொரு கிளவுட்டில் வை. முதல் இடத்தில் இருப்பதைப் பொறியாளராகப் போய் முழுவதும் அழி. நகலிலிருந்து திரும்பக் கொண்டுவர எத்தனை நிமிஷம் ஆகிறது, எத்தனை வரி விட்டுப்போகிறது என்று எழுதி வை. பேக்கப் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், எடுத்துப் போட்டுப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். செய்ததை இரண்டு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதி ரெஸ்யூமோடு இணை. தமிழிலும் ஒரு பிரதி எழுதிப் பழகு, நாளை ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து விளக்க வேண்டிவரும், அங்கே உன் ஆங்கிலம் உதவாது.

ஐயா, கடைசியாக நைட் ஷிஃப்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சைபர் தாக்குதல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண்காணிப்பு மையங்களில் இரவு வேலை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், முதல் வேலை பலருக்கும் அங்கேதான் கிடைக்கிறது. தணிக்கை வேலை பெரும்பாலும் பகலில் நடக்கும், ஆனால் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். எது தனக்கு ஒத்துவரும் என்பதை அவளே சொல்லட்டும், பெண் பிள்ளை என்பதற்காக நீங்கள் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டாம். டிஎன்பிஎஸ்சி-யை எழுதட்டும், தப்பில்லை, ஆனால் அதற்காக இந்தப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

முன்பணம் 10,000 பற்றி: போனில் பேசாதீர்கள், மெயிலில் கேளுங்கள். போன வருஷம் இதே படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், எந்த நிறுவனத்தில், என்ன பதவியில் சேர்ந்தார்கள், 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்பதை எழுத்தில் தருவீர்களா, விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று மூன்றே கேள்வி. மாதத் தவணைப் படிவம் எதிலும் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள், பல இடங்களில் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம், வகுப்பை விட்டு விலகினாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பித் தர மறுத்தால் ரசீதை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். டான்செட் அறிவிப்பு எப்போது வருகிறது என்று அண்ணா பல்கலைக்கழகத் தளத்தை இப்போதிருந்தே வாரம் ஒருமுறை பார்த்து வரச் சொல்லுங்கள்.