தாய்ப்பால் கொடுக்கும்போது எந்தக் கருத்தடை நல்லது?

மேலூரில் தாய் வீட்டில் இருக்கிறீர்கள், குழந்தைக்கு 2 மாதம், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. 'பால் கொடுக்கிற வரைக்கும் கரு தங்காது' என்று மாமியார் சொல்வதை நம்பலாமா என்கிறீர்கள்.

பாதி சரி. குழந்தைக்கு 6 மாதம் முடியாமல், மாதவிலக்கு திரும்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தால் அது நல்ல பாதுகாப்புதான். பகலில் 4 மணி நேரம், இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஆனால் நம்ம வீடுகளில் பாட்டிமார் சும்மா இருப்பார்களா? 'இந்த வெயிலுக்குப் பிள்ளைக்கு நாக்கு வறளுதே' என்று சங்கில் தண்ணீர் புகட்டிவிடுவார்கள். பால் குடிப்பது குறைந்தால் கணக்கு கெட்டுவிடும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மெடிக்கலில் கேட்டு மாலா-டி என்ற கருத்தடை மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது, பால் குறையலாம். குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை அது வேண்டாம்.

என்னைக் கேட்டால், கருப்பைக்குள் டாக்டர் வைத்துவிடும் சின்னக் கருவியான காப்பர்-டி. ஹார்மோன் கிடையாது, பாலைத் தொடாது, பல வருஷம் கவலையில்லை. முதல் சில மாதம் உதிரப்போக்கு கொஞ்சம் கூடலாம். மாத்திரைதான் வேண்டுமென்றால் சாயா இருக்கிறது. அதிலும் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. அந்தரா என்ற கருத்தடை ஊசியைப் பிரசவமாகி 6 வாரம் கழித்து, 3 மாதத்துக்கு ஒருமுறை போடலாம்.

இவையெல்லாம் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். இரத்த அழுத்தம், சிசேரியன் விவரங்களை டாக்டரிடம் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை ஆணுறை போதும்.