இரோகுவாய் மக்களும் அண்டை இனத்தாரும்: கேள்வி பதில்

கே: இரோகுவாய் என்பது ஒரே இனமா சார்?

ப: இல்லை, வட அமெரிக்கப் பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பு. மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெகா என ஐந்து இனங்கள். வட கரோலினாவில் குடியேறிகளிடம் தோற்று வடக்கே வந்த டஸ்கரோராக்கள் 1722 வாக்கில் ஆறாவதாகச் சேர்ந்தார்கள். இன்றைய நியூயார்க் மாநிலத்தில் கிழக்கு மேற்காக நீண்டிருந்த தங்கள் நாட்டை ஒரே நீண்ட வீடாகப் பார்த்தவர்கள். மோஹாக் கிழக்கு வாசல் காவல், செனெகா மேற்கு வாசல், நடுவில் ஒனொன்டாகாவில், எல்லோரும் கூடிப் பேசும் சபை நெருப்பு.

கே: அமெரிக்க அரசியல் சாசனமே இவர்களிடம் காப்பி அடித்ததாமே?

ப: இல்லை. இவர்களால் ஒன்றுசேர முடியும்போது நம் காலனிகளால் முடியாதா என்று அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1751இல் ஒரு கடிதத்தில் கேட்டது உண்மை. 1988இல் அமெரிக்க காங்கிரஸ் நன்றி சொல்லித் தீர்மானம் போட்டதும் உண்மை. ஆனால் இவர்களின் ஐம்பது தலைவர்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை, எல்லோரும் ஒத்துவரும்வரை பேசுவார்கள். தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் குலத்தாய்மார். 1787இல் பிலடெல்பியாவில் சாசனம் எழுதியவர்கள் அப்படி எதை எடுத்துக்கொண்டார்கள்?

கே: 1649இல் இரோகுவாய்கள் அண்டை இனமான ஹூரான்களை அழித்தது பீவர் என்ற விலங்கின் தோல் வியாபாரத்துக்குத்தானே?

ப: பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் இருக்கும். மார்ச் 16 விடியற்காலையில் சுமார் ஆயிரம் செனெகா, மோஹாக் வீரர்கள் ஹூரான்களின் (அவர்களே சொல்லிக்கொள்வது வெண்டாட்) ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது, மூன்று பேர்தான் தப்பி அடுத்த ஊருக்கு ஓடினார்கள். மிச்ச ஊர்களை ஹூரான்களே கொளுத்திவிட்டுத் தீவு ஒன்றில் ஒதுங்கினார்கள். அந்தக் குளிர்காலப் பட்டினியில் பெரும்பாலோர் மடிந்தார்கள். ஆனால் மற்றொரு பெருங்கூட்டம் எங்கே போனது தெரியுமா? செனெகாக்களிடமே. அங்கே தனி ஊராகவே வாழ்ந்தது.

1630களில் பெரியம்மை வந்து இரு தரப்பிலும் வீடுவீடாகக் காலியாக்கியிருந்தது. மகனை இழந்த தாய் போர் கேட்பாள், பிடித்து வந்தவனுக்கு இறந்தவனின் பெயரை வைப்பாள். அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் பிள்ளை. 1660களில் சில ஊர்களில் பூர்வீகக்காரர்களைவிடத் தத்தெடுக்கப்பட்டவர்களே அதிகம் என்று ஜெசூட் என்ற கத்தோலிக்கச் சபையின் பாதிரியார்கள் எழுதினார்கள். ஒரு எச்சரிக்கை: அந்த அறிக்கைகள் பாரிஸில் அச்சாகி நன்கொடையாளர்கள் கைக்குப் போனவை. அதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

கே: (அதே நண்பர்) உணர்ச்சிப் பூச்சு வேண்டாம் சார். டச்சுக்காரன் துப்பாக்கி கொடுத்தது தோலுக்குத்தான். தோல் இல்லாமல் போர் ஏது?

ப: துப்பாக்கிக்குத் தோல் வேண்டும், சரி. ஆனால் தோல் மட்டும் வேண்டுமென்றால் ஒட்டாவா ஆற்றில் தோல் ஏற்றிவரும் படகை மறித்தால் போதும். அதையும் செய்தார்களே! பெண்களையும் குழந்தைகளையும் காடு கடந்து ஏன் நடத்திக் கூட்டிப்போக வேண்டும்?

கே: கைதிகளைச் சித்திரவதை செய்து எரித்ததை மறைக்கிறீர்களே?

ப: மறைக்கவில்லை. தத்தும் நெருப்பும் ஒரே வழக்கத்தின் இரு முகம். எது என்பதைப் பெரும்பாலும் துக்க வீட்டுப் பெண்களே சொன்னார்கள். ஹூரான்களும் இதையேதான் செய்தார்கள். அப்புறம், யார் எழுதினார், யாருக்கு எழுதினார் என்று இங்கேயும் பாருங்கள்.

கே: அமெரிக்க சாசனம் இவர்களிடமிருந்துதானா?

ப: மேலே இருக்கிறது.

கே: ஹயவாதா நிஜமா? கவிதையில் படித்தேன்.

ப: கூட்டமைப்பு உருவான கதையில் வருபவர் வேறு. 1855இல் வந்த அந்த நீண்ட கவிதை ஒஜிப்வே என்ற வேறு இனத்தின் கதைகளுக்கு அவர் பெயரை ஒட்டிவிட்டது.

கே: செரோக்கி வரலாறு?

ப: தூரத்து மொழி உறவு உண்டு. மற்றபடி என் துறை இல்லை.

கே: இவர்கள் ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று...

ப: மேலே இருக்கிறது ஐயா!

கே: (பீவர் நண்பர்) கடைசியாக ஒன்று. வியாபாரம் காரணமில்லை என்றால் 1701 மாண்ட்ரியல் சமாதானத்தில் எதற்காக இழுபறி?

ப: நல்ல கேள்வி. நீங்களே என் பக்கம் வருகிறீர்கள். அது இரோகுவாய்களுக்கும், பிரெஞ்சுக்காரர்களுக்கும் அவர்களோடு சேர்ந்திருந்த இனங்களுக்கும் இடையிலான சமாதானம். ஏறக்குறைய நாற்பது இனங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். பெரிய சிக்கல் கைதிகளைத் திருப்பித் தருவது. ஹூரான் தலைவர் கொண்டியரோங் பேசிப்பேசி மற்ற இனத்தாரைத் தங்களிடமிருந்த இரோகுவாய்க் கைதிகளோடு வரவைத்தார். இரோகுவாய்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அவர் கொதித்துப்போனார், பேச்சுவார்த்தை முடிவதற்குள் காய்ச்சலில் இறந்தும்போனார். இரோகுவாய்கள் சொன்ன பதில்: சிறு வயதிலேயே எங்கள் பிள்ளைகளாகிவிட்டார்கள், திரும்ப வர மாட்டேன் என்கிறார்கள்.