முழங்கால் மாற்று அறுவை செய்த அம்மா வீல்சேரில் போகிறார். விமான நிலையச் செக்யூரிட்டியில் எழுந்து நிற்கச் சொல்வார்களா?

பெரும்பாலும் சொல்வார்கள். சொல்லாமல் இருக்கச் செய்யவும் முடியும். அதற்கான வேலையை டிக்கெட் போடும் அன்றே தொடங்கிவிட வேண்டும்.

ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. எழுபது தாண்டியவர், இரண்டு முழங்காலும் மாற்றியவர், தமிழ் மட்டும் பேசுபவர், சென்னையில் ஏறித் தனியாக அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்படிக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் நிலைமை இதுதான்.

முதலில் குறியீடு. விமான நிறுவனங்கள் வீல்சேர் பயணிகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நடப்பார், நெடுந்தூரம்தான் முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தன் இருக்கைவரை நடந்துவிடுவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கைவரை தூக்கிக்கொண்டு போகவேண்டியவர். ஆன்லைனில் பிள்ளைகள் அவசரமாக டிக்கெட் போடும்போதும், ஏஜென்ட் போடும்போதும் வெறுமனே 'வீல்சேர்' என்று டிக் செய்தால் பெரும்பாலும் முதல் வகைதான் பதிவாகும். சோதனைக் கூடத்தில் வீல்சேர் தள்ளிவரும் பையனிடம் "நிற்பாங்களா?" என்று கேட்பார்கள். அவன் கையில் உள்ள சீட்டில் முதல் வகை இருந்தால் "நிற்பாங்க மேடம்" என்பான். அவன்மேல் தப்பில்லை. அதனால் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சரியான வகையைச் சொல்லி மாற்றுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும் என்பது நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. படி ஏற முடியாதவருக்கு முதல் வகை போட்டால் பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படி அடியில் நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு. தூக்கி ஏற்றும் வண்டியை அப்போது தேடினால் கிடைக்காது.

இனி சோதனை. சென்னையில் இதைச் செய்வது மத்திய தொழிற் பாதுகாப்புப் படை, அதாவது சிஐஎஸ்எஃப். வெளிநாடுகள் பலவற்றில் கதவு போன்ற மெட்டல் டிடெக்டர் கத்தினால்தான் ஆளைத் தனியாகச் சோதிப்பார்கள். இங்கே கத்தினாலும் கத்தாவிட்டாலும் ஒவ்வொருவரையும் கைக்கருவியால் சோதிப்பார்கள். பெண்களுக்குத் திரை போட்ட அடைப்பு, உள்ளே பெண் காவலர். நடந்து வருபவர்கள் ஏறி நிற்க அங்கே ஒரு சிறிய மேடை இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த அரையடி மேடையே பெரிய பாடு. ஏறத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தரையிலேயே நிற்கிறேன் என்று கேட்கலாம். அதைக் கேட்கலாம் என்பதே பல பெரியவர்களுக்குத் தெரியாது.

வீல்சேரில் இருப்பவரை எழுந்து நிற்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கையும் முதுகுப் பகுதியும்தான். உட்கார்ந்திருப்பவரின் அடியில் என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது, நாற்காலியே உலோகம் என்பதால் சும்மா கத்திக்கொண்டிருக்கும். நிற்க முடியாதவருக்கு வேறு வழி இருக்கிறது: முன்பக்கம் சாயச் சொல்லி முதுகைக் கையால் தடவிப் பார்ப்பது, ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் சாய்ந்து தொடைக்கு அடியில் பார்ப்பது, கால் மிதியையும் செருப்பையும் பார்ப்பது, கடைசியாக நாற்காலியின் கைப்பிடியிலும் மெத்தையிலும் ஒரு சிறு பட்டையைத் தேய்த்து வெடிமருந்துத் துகள் காணும் இயந்திரத்தில் வைப்பது. எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள். வரிசை நீளமாக இருக்கும்போது "ஒரு நிமிஷம் எழுந்திருங்கம்மா" என்பது அவர்களுக்குச் சுலபம். அம்மாவும் கூச்சப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். விழுவது அங்கேதான்.

முழங்காலில் வைத்திருப்பது கோபால்ட் குரோமியம் கலவையும் டைட்டானியமும். கத்தத்தான் செய்யும். மருத்துவர் கடிதமோ ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையோ இருந்தால் சோதனையிலிருந்து விலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். விலக்கு கிடையாது. கடிதம் பேச்சைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அறுவைத் தழும்பு பேசும். கணுக்காலில் இறுக்கும் பேண்ட்டோ லெக்கின்ஸோ போட்டு அனுப்பாதீர்கள். புடவை, இல்லையென்றால் தொளதொளப்பான சல்வார். திரைக்குள் முழங்கால்வரை விலக்கிக் காட்டினால் முடிந்தது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும், சோதனை தொடையிடுக்கு வரை போகும் என்பதால்.

நம்மூர்ப் பெரியவர்களிடம் கருவியை அதிகம் கத்தவைப்பது முழங்கால்கூட அல்ல, தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குதான். மூன்று, நான்கு, சிலரிடம் ஒரு கொத்தே இருக்கும். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயப்படவேண்டாம், திரைக்குள் எடுத்துக் காட்டினால் போதும். ஊக்குகளை மட்டும் முதல்நாளே எடுத்துவிடுங்கள். ஆண்களுக்கு வெள்ளி அரைஞாண், தாயத்து. சட்டைக்குள் இருப்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் நிற்பார்கள், சோதிப்பவருக்குச் சந்தேகம் கூடும். முன்கூட்டியே "இடுப்பில் வெள்ளிக்கொடி" என்று சொல்லப் பழக்குங்கள்.

சொல்வது எந்த மொழியில்? இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது, கேள்விக்கு வெளியே போகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. 2020 ஆகஸ்டில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்னதற்கு "நீங்கள் இந்தியரா" என்று சென்னை விமான நிலையத்தில் ஒரு சிஐஎஸ்எஃப் அதிகாரி தன்னைக் கேட்டதாகக் கனிமொழி எழுதினார், விசாரணைக்கும் உத்தரவிட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கே அப்படி என்றால், உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு பாட்டி அந்தத் திரைக்குள் யாரிடம் என்ன சொல்வார்? தமிழ்நாட்டு விமான நிலையத்தில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு பெண் காவலராவது தமிழ் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

அது வரும்வரை அட்டைதான் துணை. உள்ளங்கை அளவில் கெட்டி அட்டை ஒன்றில் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் எழுதுங்கள்: இரண்டு முழங்காலிலும் உலோகம், நிற்க முடியாது, இடது தோளைத் தூக்க முடியாது, காது மந்தம், டயப்பர் அணிந்திருக்கிறார். எது பொருந்துமோ அது மட்டும். டயப்பரையும் சிறுநீர்ப் பையையும் கண்டிப்பாக எழுதுங்கள், வாயால் சத்தமாகச் சொல்லவேண்டிய அவமானம் மிச்சம். கூடவே இரண்டு இந்தி வாக்கியம் மனப்பாடம் செய்யவையுங்கள்: "மேய்ன் கடீ நஹீ ஹோ சக்தீ", நிற்க முடியாது. ஆண் என்றால் "கடா நஹீ ஹோ சக்தா". "குட்னே கா ஆபரேஷன் ஹுவா ஹை", முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தொடுவதற்கு முன் சொல்லவேண்டும். கருவி கத்திய பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரிக் கேட்கும்.

"வயசானவங்ககிட்ட என்ன இருக்கப்போகுது, விட்டுடலாமே" என்று யாராவது கருத்துப் போடுவார்கள். விட முடியாது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி, பாதுகாப்பு ஒவ்வொரு விமான நிலையமாகச் சிஐஎஸ்எஃப் வசம் வந்தது. வயதைப் பார்த்து விலக்கு என்று ஒன்று இருந்தால், கெட்ட எண்ணம் உள்ளவன் அந்த வழியாகத்தான் பொருளை அனுப்புவான். நான் படையினருக்கு எதிராக எழுதவில்லை. சோதனை வேண்டும். ஆளை நிற்கவைக்காமல், கழற்றவைக்காமல், கேட்டுவிட்டுத் தொட்டுச் சோதிக்க வழி இருக்கும்போது அதைச் செய்யவேண்டும் என்பதுதான் என் வாதம்.

செயற்கைக் கால் விஷயத்தில் இதைத்தான் நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன் கேட்டார். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் எனப்படும் செயற்கைக் காலுடன் ஆடியவர். ஒவ்வொரு விமான நிலையத்திலும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், வெடிமருந்துத் துகள் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று கேட்டும் கேட்பதில்லை என்று 2021 அக்டோபரில் வீடியோ போட்டார். சிஐஎஸ்எஃப் மன்னிப்புக் கேட்டது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லலாம் என்பதுதான் நடைமுறை என்றும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக்கூடாது என்றது. கழற்றச் சொன்னால் கேட்கவேண்டியது மூன்று: துகள் சோதனை, தனி அறை, ஷிஃப்ட் இன்சார்ஜ். இந்த வரிசையில் கேளுங்கள், குரலை உயர்த்தாமல்.

அந்தத் துகள் சோதனை இயந்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. கிளிசரின் கலந்த கை கிரீம், வயல் உரம், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மருந்து ஆகியவை கையிலோ நாற்காலியிலோ பட்டிருந்தால் அலாரம் வரலாம். கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நாற்காலிக் கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அலாரம் வந்தால் பதறாமல் மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கதவு டிடெக்டரைச் சாதாரண நடையில் கடக்கலாம், அதில் சாய்ந்து நிற்கக்கூடாது. கைக்கருவியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது. பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம். இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும், சரக்கில் போட்டால் உறைந்து வீணாகலாம். மருந்துச் சீட்டு இருந்தால் 100 மில்லி கணக்கு அதற்கு இல்லை. இன்சுலின் பம்ப் அணிந்தவர்கள் பெரும்பாலான பம்புகளை எக்ஸ்ரேயிலோ உடல் ஸ்கேனரிலோ அனுப்பக்கூடாது என்பதை நினைவில் வைக்கவேண்டும், கையேட்டைப் பாருங்கள்.

திரைக்குள் அம்மா இருக்கும் நேரத்தில் ட்ரேயில் பாஸ்போர்ட், போன், கைத்தடி, பணம் எல்லாம் மறுபக்கம் அனாதையாகக் கிடக்கும். ஒரே ஒரு ஜிப் பை, எல்லாம் அதற்குள், வீல்சேர் பையன் ட்ரே பக்கத்தில் நிற்கட்டும். கைத்தடி எக்ஸ்ரே வழியாகத்தான் போகும். உருண்டு உள்ளே மாட்டிக்கொள்ளும், மறந்தும் போகும். பளிச்சென்ற சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். காது மிஷினைக் கழற்றத் தேவையில்லை, கழற்றினால் அடுத்து அவர்கள் சொல்வது எதுவும் கேட்காது.

நன்றாக நடக்கக்கூடியவர்கள் வரிசையைத் தாண்டுவதற்காக வீல்சேர் கேட்பது இன்னொரு வேதனை. அமெரிக்க விமானம் கிளம்பும் நேரத்தில் எத்தனை நாற்காலி நிற்கிறது என்று பாருங்கள். "எல்லாரும் நடிக்கிறாங்க" என்ற எண்ணம் சோதிப்பவருக்கு அதில்தான் வருகிறது, உண்மையில் முடியாதவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

முறை தவறி நடத்தினால் அங்கேயே இன்சார்ஜிடம் சொல்லி, நேரத்தையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார்த் தளமான ஏர்சேவாவில் பதியுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடமும் போகலாம். வீடியோ எடுக்காதீர்கள், சோதனைக் கூடத்தில் அது வேறு வம்பாகிவிடும்.

அமெரிக்கப் பக்கம் கொஞ்சம் இலகு. அங்கே 2025 ஜூலையிலிருந்து பொதுவாக யாரும் ஷூவைக் கழற்றவேண்டாம். உடல் ஸ்கேனரில் கைகளைத் தலைக்குமேல் தூக்கிச் சில விநாடி பிடிப்பில்லாமல் நிற்கவேண்டும், முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கைச்சோதனை கேட்கலாம். அங்கே விமான நிலையச் சோதனையைச் செய்யும் அரசு அமைப்பான டிஎஸ்ஏவின் 'டிஎஸ்ஏ கேர்ஸ்' என்ற உதவி எண்ணுக்கு 72 மணி நேரம் முன்பு பிள்ளை பேசிவைத்தால் திரும்பும்போது ஆள் வந்து கூட்டிப்போக ஏற்பாடு செய்வார்கள். வழியில் விமானம் மாறும் ஊரிலும் இன்னொரு சோதனை இருக்கலாம், அட்டை கழுத்துப் பையிலேயே இருக்கட்டும்.

திரும்பும் டிக்கெட்டிலும் வீல்சேர் குறியீட்டைச் சரிபாருங்கள். இடையில் தேதி மாற்றினால் அந்தக் கோரிக்கை புதிய பதிவில் விடுபட்டுப்போவது உண்டு. மாற்றிய அன்றே மறுபடி கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.