வெள்ளித் தகட்டின் கோடு ஏன் வளைகிறது?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வெள்ளித் தகட்டை அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் மூலத்தருகே 5 நிமிடம் வைத்துவிட்டு, கெய்கர் கவுண்டரில் (கதிரியக்கத் துகள்களை எண்ணும் கருவி) எண்ணினேன். செமி-லாக் தாளில் (எண்ணிக்கை அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள வரைபடத் தாள்) நேர்கோடு வராமல் வளைவு வருகிறது. மூன்று முறை செய்தும் அப்படித்தான். எங்கே தவறு?

பதில்: மூன்று முறையும் வளைந்திருப்பது நல்ல அறிகுறி. அதை நேர்கோடாக்க முயலாதீர்கள்.

இயற்கையில் கிடைக்கும் வெள்ளி இரண்டு ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின், எடை வேறுபட்ட அணு வகைகள்) கலவை: வெள்ளி-107 சுமார் 52 சதவீதம், மீதி வெள்ளி-109. நியூட்ரானை விழுங்கியதும் முன்னது வெள்ளி-108 ஆகிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 2.4 நிமிடம். பின்னது வெள்ளி-110, வெறும் 24.6 விநாடி. இரண்டும் சிதையும்போது வெளிவிடும் பீட்டாத் துகள்களைக் கவுண்டர் பிரித்தறியாது. ஒரே அரை ஆயுள் என்றால் நேர்கோடு வந்திருக்கும்; இரண்டு கலப்பதால்தான் முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு சாய்வு தணிகிறது.

பிரிப்பதை வால் பகுதியிலிருந்து தொடங்குங்கள். முதலில் பின்னணி எண்ணிக்கையை (தகடு இல்லாதபோதும் கவுண்டர் காட்டுவது) கழித்துவிடுங்கள். நான்கு நிமிடம் கழிந்தால் வெள்ளி-110 ஏறக்குறைய பத்து அரை ஆயுளைக் கடந்து, ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். அதற்குப் பிந்தைய புள்ளிகள் வழியே கோடு போட்டு, தொடக்கம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். ஓரிடத்தில் கவுண்டர் 210 காட்ட, நீட்டிய கோடு 90 காட்டினால், மீதி 120 வெள்ளி-110 தந்தது. இந்த மீதிகளைத் தனியே குறித்தால் இரண்டாவது நேர்கோடு கிடைக்கும்.

5 நிமிடம் போதாது. அதற்குள் வெள்ளி-108 தன் உச்ச அளவில் முக்கால் பங்கையே எட்டும். 12 நிமிடம் வையுங்கள், 97 சதவீதம் வரும். மூலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பாரஃபின் மெழுகு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1934 அக்டோபரில் ரோமில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழுவினர், பளிங்கு மேசையைவிட மர மேசையில் வெள்ளி அதிகக் கதிரியக்கம் பெறுவதைக் கண்டு வியந்தார்கள். மரத்திலும் மெழுகிலும் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிறது. மெதுவான நியூட்ரானை வெள்ளி எளிதில் பிடித்துக்கொள்கிறது. உங்கள் மேசையிலும் நடப்பது அதே நிகழ்ச்சிதான்!

தகட்டை இடுக்கியால் எடுத்துக் கவுண்டருக்குள் வைக்க 25 விநாடி பிடித்தால் வெள்ளி-110இல் பாதி போய்விடும். கவுண்டரை முன்பே ஓடவிட்டு, தகட்டை எடுத்த நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். முதல் இரண்டு நிமிடம் 10 விநாடிக்கு ஒரு முறையும், பிறகு 30 விநாடிக்கு ஒரு முறையும் குறித்தால் போதும்.