தராசு நகரவில்லை, ஜாக்கெட் தளர்கிறது

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு வயது 43, பள்ளி ஆசிரியை. உயரம் 156 செ.மீ. பொங்கல் முடிந்த கையோடு எடை குறைக்கத் தொடங்கினேன். அப்போது 78 கிலோ. வைகாசி பிறப்பதற்குள் 69 கிலோவுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு 11 வாரங்களாகத் தராசு அசையவே இல்லை. காலையில் வெந்நீரில் தேன், பிறகு 3 இட்லி. மதியம் ஒரு கப் வரகரிசிச் சோறு, சாம்பார், பொரியல். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு 2 சப்பாத்தி, குருமா. காபி வழக்கம்போல. தினமும் பள்ளி மைதானத்தில் 45 நிமிடம் நடக்கிறேன். 6 ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். எல்லைக்கோட்டில் இருந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1-இலிருந்து 5.6-க்கு வந்திருக்கிறது. ஆனால் எடை? "உன் உடம்பு வாகே அப்படி" என்கிறார் நாத்தனார். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடட்டுமா?

பின்குறிப்பு: இதில் வீண் செலவு வேறு. போன மாதம்தான் எல்லா ஜாக்கெட்டையும் இரண்டாவது தடவையாகப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

- பெயர் வேண்டாம் என்ற வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் அல்ல. 27 ஆண்டுகள் மருத்துவமனை டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டில் நோயாளிகள் என்னைப் பார்த்ததும் "சோத்தைப் பிடுங்குற அம்மா வருது" என்பார்கள். அந்தப் பெயரே எனக்குப் போதும்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி பின்குறிப்பில்தான் இருக்கிறது. போன மாதம் என்றால் தராசு நின்று ஏழெட்டு வாரங்கள் ஆன பிறகு. எடை அப்படியே இருக்க, ஜாக்கெட் எப்படித் தளர்ந்தது? தையல்காரருக்குத் தெரிந்த விஷயம் உங்கள் தராசுக்குத் தெரியவில்லை. தராசு உங்கள் கொழுப்பை மட்டும் நிறுக்கவில்லை. நீர், தசை, எலும்பு, குடலில் உள்ளது, நேற்றைய ஊறுகாய் உப்பு பிடித்துவைத்திருக்கும் தண்ணீர் என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோகூட நீராகவே ஏறி இறங்கும். அதனால் தராசை வாரம் ஒரு நாள், காலையில் மலம் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள். போன மாத எடையோடு ஒப்பிடும்போது மாதவிலக்குச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே தையல் டேப் ஒன்றை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதிவையுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எனக்கு உங்கள் எடையைவிட அந்த எண்தான் வேண்டும். கடிதத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

சரி, தராசு நின்றதற்கும் காரணம் உண்டு. உங்களுக்கு முதல் மாதம் மளமளவென்று இறங்கியிருக்கும். அதில் ஒரு பங்கு நீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து, நீரும் வெளியேறும். அந்த வேகம் திரும்ப வராது. இதைத் தெரியாதவர்கள் இரண்டாம் மாதத்திலேயே மனம் உடைந்து போகிறார்கள்.

அடுத்தது, 78 கிலோ உடம்பைச் சுமந்து நடந்த நீங்கள் இப்போது 69 கிலோவைச் சுமக்கிறீர்கள். ஒன்பது கிலோ அரிசி மூட்டையை இறக்கிவைத்த மாதிரி. அந்த உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி குறைவாகவே போதும். அதாவது தை மாதத்தில் உங்களை இளைக்க வைத்த அதே சாப்பாடு இன்று உங்களை 69-இல் நிறுத்திவைக்கும் சாப்பாடு. இதற்கும் மேல் உடம்பு தானாகச் சிக்கனம் பிடிக்கும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறையப் பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார். எடை வேகமாக இறங்கிப் பிறகு தட்டையானது. நாடித் துடிப்பு மந்தமானது, எப்போதும் குளிர்கிறது என்றார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். உங்களை அந்த நிலைக்குத் தள்ளுவதற்கு நான் துணை போக மாட்டேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் கரைவதில் தசையும் இருக்கும். தசை போனால் உடம்பின் கலோரிச் செலவு இன்னும் குறையும். பிறகு ஒரு நாள் கல்யாண வீட்டுப் பந்தியில் மொத்தமாகத் திரும்ப வரும்.

இனி அடுப்படிக்கு வருவோம். உங்கள் பட்டியலை மூன்று தடவை படித்தேன். இட்லி இருக்கிறது, சப்பாத்தி இருக்கிறது. எண்ணெய் இல்லை. தாளிக்காத சாம்பாரா? தேங்காய் அரைக்காத குருமாவா? இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமே கிடையாதா? உங்களைக் குறை சொல்லவில்லை. 1992இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை நுட்பமான முறையில் அளந்து பார்த்தார்கள். அவர்களின் உடம்புச் செலவு இயல்பாகவே இருந்தது. சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். பொய் சொன்னவர்கள் அல்ல. கணக்கில் வராததைக் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நானும் அந்தப் பதினோராவது ஆள்தான். 51 வயதில் 74 கிலோவிலிருந்து 67-க்கு வந்து நான்கு மாதம் அப்படியே நின்றேன். ஊருக்கெல்லாம் அளந்து சொல்பவள், என் தட்டை மட்டும் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். ஒரு முதல் தேதியன்று எண்ணெய் பாக்கெட்டின் மேல் தேதி எழுதி வைத்தேன். மாத முடிவில் எண்ணினால் மூன்று லிட்டர் காலி. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்! ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் நாளுக்கு 45 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, ஆக 400 கலோரிக்கு மேல். ஆறேழு இட்லிக்குச் சமம், மென்று தின்ற சுகம்கூட இல்லாமல். போதாததற்கு, வீட்டுக்கு வரும் பேரன் மிச்சம் வைக்கும் நெய்ச் சோற்றை வீணாக்கக் கூடாதென்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். நின்று தின்றது சாப்பாட்டில் சேராது என்று யார் எனக்குச் சொன்னார்களோ!

நீங்களும் இந்த ஒரு மாதம் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாதீர்கள், டீஸ்பூனில் எடுங்கள். குருமாவுக்குத் தேங்காயைப் பாதியாக்கி, ஒரு பிடி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வேர்க்கடலை நல்லதுதான். ஆனால் கைப்பிடி என்பது கைக்குக் கை மாறும் அளவு. 30 கிராம் கடலையில் 170 கலோரி இருக்கிறது. அதற்குப் பதிலாக அவித்த கடலையோ சுண்டலோ என்றால் வயிறும் நிறையும். தேனும் சர்க்கரைதான், வெந்நீரில் விட்டால் அது மருந்தாகிவிடாது. காபியைக் குடியுங்கள். சர்க்கரையை முதலில் பாதியாக்குங்கள், நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

காபி என்றதும் மாத்திரை நினைவுக்கு வருகிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுகிறீர்களா? என்னிடம் வந்தவர்களில் பலர் மாத்திரையைக் காபியோடுதான் விழுங்கினார்கள். அப்படிச் செய்தால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று பார்த்து, ஆண்டு கடந்திருந்தால் செய்துகொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தால் பழியைத் தைராய்டு மேல் போட முடியாது. எடை குறைவதற்காக மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் கூடாது, இதயமும் எலும்பும் பாதிக்கப்படும். ஸ்டீராய்டு, மன அழுத்தத்துக்கான சில மருந்துகள் போன்றவையும் எடையைப் பிடித்துவைக்கும். அப்படி ஏதாவது சாப்பிட்டால் நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நாத்தனாருக்கும் ஒரு பதில். 40 வயதானாலே உடம்பு எரிப்பது குறைந்துவிடும் என்று நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். 2021இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை எரிப்பு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. குறைவது நம் தசையும் நடமாட்டமும்தான். காலையில் 45 நிமிடம் நடந்தாயிற்று என்ற தைரியத்தில் மீதி நாள் முழுக்க நாற்காலியில் இருந்தால் நடையின் பலன் பாதி கரைந்துவிடும். வகுப்பில் நின்று பாடம் நடத்துங்கள், மாடிப்படி ஏறுங்கள். வாரம் மூன்று நாள் நடையை அரை மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது என்று செய்யுங்கள். முழங்கால் வலி இருந்தால் மட்டும் முதலில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் தராசு அரைக் கிலோ ஏறினாலும் பயப்படாதீர்கள். வலித்த தசை நீரைப் பிடித்துவைக்கும்.

சப்பாத்தி, குருமாவில் புரதம் எங்கே? இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ மீன் துண்டோ வைத்துக்கொண்டு ஒரு சப்பாத்தியைக் குறையுங்கள். நாளுக்கு மொத்தம் 60, 65 கிராம் புரதம் உங்களுக்குப் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்தும் நாட்களில் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்றும் எழுதவில்லை. நள்ளிரவு வரை விழித்திருந்தால் மறுநாள் பசி இரட்டிப்பாகும்.

கடைசியாக, அந்த 5.6. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு "ஆனால் எடை?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டாவது கூட்டத்துக்கு எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை! நீங்களோ ஒன்பது கிலோவும் குறைத்திருக்கிறீர்கள். இன்னும் நான்கைந்து கிலோ இறங்கினால் நல்லதுதான், அவசரமில்லை. ஒரு மாதம் கழித்து இடுப்பளவையும் எண்ணெய்க் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். எடையை எழுத வேண்டாம்.

கேள்வி: நான் 52 வயது வியாபாரி. ஆறு மாதமாக அரிசியை விட்டுவிட்டுத் தினை, சாமை, குதிரைவாலி என்று மாறிவிட்டேன். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. எடை இம்மியும் குறையவில்லை. சிறுதானியம் ஏமாற்று வேலையா?

- வாசகர், கும்பகோணம்

பதில்: சிறுதானியம் ஏமாற்றவில்லை, நீங்கள் அதற்குக் கொடுத்த வேலைதான் தவறு. நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் தினையிலும் ஏறக்குறைய ஒரே கலோரிதான், 350-ஐ ஒட்டி வரும். நார்ச்சத்து கூடுதல் என்பதால் பசி தாங்கும், அது அதன் பெருமை. "சிறுதானியம்தானே" என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்தப் பெருமையும் போயிற்று. கருப்பட்டிக்கும் சீனிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாசனைக்காக வேண்டுமானால் கருப்பட்டி போட்டுக் குடியுங்கள், குறைவாகப் போடுங்கள். சமைத்த தினையைக் கிண்ணத்தில் அளந்து வைத்து, தட்டில் பாதிக்குக் காய் நிரப்புங்கள். கடையில் மாலை நான்கு மணிக்கு வாங்கி வரச் சொல்லும் வடையைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. வியாபாரியாயிற்றே, இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வயது 24, உயரம் 158 செ.மீ., எடை 54 கிலோ. மூன்று வாரத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்றார்களாம். 6 கிலோ குறைக்க வழி சொல்லுங்கள், அம்மா.

- வாசகி, நாமக்கல்

பதில்: மாட்டேன். உங்கள் உயரத்துக்கு 54 கிலோ மிகச் சரியான எடை. மூன்று வாரத்தில் ஆறு கிலோ குறைத்தால் நிச்சயதார்த்த மேடையில் மயங்கி விழுவீர்கள், ஆறு மாதத்தில் முடி கொத்தாக உதிரும். அப்படிச் சொன்னவர் யார் என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள், பிற்காலத்தில் உதவும். இப்போதைக்கு மூன்று வேளையும் சாப்பிடுங்கள். ஜாக்கெட்டை மூச்சு விடும் அளவுக்குத் தாராளமாகத் தைக்கச் சொல்லுங்கள், அன்று விருந்திலும் உட்கார வேண்டியிருக்கிறதே.